ஓசூரில் நடப்பவர்களுக்கும் இடம் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓசூர் போக்குவரத்து நெரிசல் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். ரோட்டை அகலப்படுத்த வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டும் என்று பலரும் சொல்லியிருந்தார்கள். நடந்து போகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

பாலக்கோட்டிலிருந்து 1988-ல் இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவன் நான். அன்று ஷிப்ட் விட்டால் ரோடு முழுக்க சைக்கிள்தான். ஊர் 2019-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. இன்று என் மருமகள் அதே சிப்காட்டுக்குப் போகிறாள். விடியற்காலை 5 மணிக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க, லாரிகள் உரசிப் போகும் தார் ரோட்டிலேயே இருட்டில் நடக்கிறாள். நடைபாதை என்று இருப்பது சாக்கடை மேல் போட்ட சிலாப். பாதி உடைந்து கிடக்கிறது, மீதியில் வண்டிகள் நிற்கின்றன. போன மழைக்காலத்தில் அந்த ஓட்டையில் கால் மாட்டி, பத்து நாள் சம்பளம் போயிற்று அவளுக்கு.

நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டராவது விட வேண்டும், உயரம் 15 செ.மீ. தாண்டக் கூடாது என்பது சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் நெறிமுறை. பாகலூர் ரோட்டிலும் தளி ரோட்டிலும் நூறு அடி தூரம் அப்படித் தொடர்ந்து நடந்ததாக எனக்கு நினைவில்லை. இதைச் சொன்னால் உடனே பூக்காரம்மாவையும் தள்ளுவண்டிக்காரரையும் விரட்டக் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு 2014-ம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. வழியை அடைத்து நிற்பவை கார்களும் பைக்குகளும்தான். முதலில் அவற்றை எடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டு வாடகையும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு கார் நிறுத்த 2.5-க்கு 5 மீட்டர், அதாவது சுமார் 135 சதுர அடி வேண்டும். நாங்கள் மூன்று பேர் படுக்கும் அறை பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. அடுக்குமாடி கட்டினால் பரப்புக்கு ஏற்ப கார் நிறுத்தம் விட்டே ஆக வேண்டும் என்கிறது கட்டட விதி. அந்தச் செலவு கார் இல்லாதவர் தரும் விலையிலும் வாடகையிலும்தான் ஏறுகிறது. கட்டுப்படியாகாதவர்கள் ஊருக்கு வெளியே புது லேஅவுட்டுகளுக்குப் போகிறார்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை, பெரிய உதவி அது. ஆனால் பஸ்ஸே எட்டிப் பார்க்காத லேஅவுட்டில் இருப்பவர் கடன் வாங்கி வண்டி எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. பஸ் வரும் தெருக்களையொட்டிச் சிறிய வீடுகள் கட்டுவோருக்குக் கார் நிறுத்த விதியைத் தளர்த்த வேண்டும்.

சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கினார்கள். சென்ற வருடம் போயிருந்தபோது என் வயதுக்காரர்கள் அங்கே நிதானமாக நடந்ததை நின்று பார்த்தேன். ஓசூரில் எல்லாத் தெருவையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. பள்ளிகளைச் சுற்றியுள்ள தெருக்களில் மாநகராட்சி தொடங்கட்டும்.

என் பேத்தி வரும் ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளி முக்கால் கிலோமீட்டர்தான். நடந்து போகிறேன் தாத்தா என்கிறாள். ஆட்டோவுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளி,
மூக்கண்டப்பள்ளி, ஓசூர்.