ஜெர்மன் பி1 பேச்சுத் தேர்வு: சனிக்கிழமைப் பயிற்சி

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோலாலம்பூர் கோதே நிறுவனத்தில் பி1 (இடைநிலை) தேர்வுக்கு அமரவிருப்பவர்கள், வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் பிரிக்பீல்ட்ஸில் நாம் வழக்கமாகக் கூடும் அறைக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பேச்சுத் தேர்வு பெரும்பாலும் இருவர் இருவராகவே நடைபெறும். ஆயத்தத்திற்கு 15 நிமிடம், பேசுவதற்கும் ஏறத்தாழ 15 நிமிடம். அகராதிக்கும் கைப்பேசிக்கும் அனுமதியில்லை.

முதல் பகுதியில், நோயுற்ற தோழரைப் பார்க்கப் போவது போன்ற ஒன்றை இருவரும் சேர்ந்து திட்டமிட வேண்டும். நம்மவர்கள் பலர் தங்கள் திட்டத்தை மட்டும் மடமடவென்று ஒப்பித்துவிடுகிறார்கள். எதிரில் இருப்பவரின் கருத்தைக் கேட்பதும், மறுப்பதும், மாற்று யோசனை சொல்வதும் மதிப்பெண்ணுக்குரியவை என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாம் பகுதிக்கு இரு தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அறிமுகம், சொந்த அனுபவம், தாய்நாட்டு நிலை, நன்மை தீமைகளுடன் தம் கருத்து, முடிவுரை என ஐந்து படிகளில் பேச வேண்டும். என் பார்வையில் தாய்நாட்டு நிலைதான் நமக்குக் கைகொடுக்கும் இடம்: வெளியில் உண்பது பற்றிய தலைப்பு வந்தால், நள்ளிரவிலும் ரொட்டி சானாய் (பரோட்டா போன்றது) போடும் மாமாக் கடையை, அதாவது தமிழ் முஸ்லிம் உணவகத்தைப் பற்றி எளிய வாக்கியங்களில் தயங்காமல் சொல்லலாம். குறிப்புகளை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பார்த்து வாசிக்கக் கூடாது.

மூன்றாம் பகுதியில் இணையரின் உரையைப் பற்றிக் கருத்துக் கூறி ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருப்பதால், அவர் பேசும்போது கவனம் சிதறக் கூடாது.

தேர்ச்சிக்கு 100க்கு 60 மதிப்பெண் வேண்டும். தவறினால் பேச்சுத் தேர்வுக்கு மட்டும் மீண்டும் அமரலாம். வர இயலாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால், இணைகளை மாற்றியமைக்க வசதியாக இருக்கும்.