இரண்டு கணக்கையும் ஒரே நேரத்தில் காட்ட வழிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காணொலிக் கூட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கேமரா, மைக், இணைய வேகம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். திரைப் பகிர்வைப் பற்றிப் பேசினாலும், ஒருவர் காட்ட மற்றவர்கள் பார்ப்பது என்பதைத் தாண்டுவதில்லை. ஒரே கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் ஒரே சமயத்தில் தங்கள் திரையைப் பகிர முடியும் என்பதே பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களில் சிலர், குழப்பம் வரும் என்று அந்த வசதியை அடைத்தே வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்து வையுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் ஒரு கணக்காளர். தலைமை அலுவலகப் பேரேட்டையும் கிளைகளின் பேரேட்டையும் ஒத்துப்பார்ப்பது என் வேலை. முன்பு இரண்டு புத்தகத்தையும் மேசையில் அடுத்தடுத்து விரித்து வைத்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் டிக் அடிப்போம். இப்போது கிளைக் கணக்கர் ஓர் ஊரில், நான் ஓர் ஊரில், தணிக்கையாளர் வேறோர் ஊரில். அடிப்படை வேலை மாறவில்லை. இரண்டு பக்கங்கள் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும்.

அண்மையில் ஒரு கூட்டத்தில் இரு தரப்புக் கூட்டுத்தொகைக்கும் இடையே 2,700 வித்தியாசம் இடித்தது. வித்தியாசம் 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகப்படுவது எங்கள் தொழிலில் பாலபாடம். 2,700ஐ 9ஆல் வகுத்தால் 300. அப்படியென்றால் ஆயிரத்திலும் நூறிலும், தமக்குள் 3 வித்தியாசமுள்ள இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். இவ்வளவு தெரிந்தபின், இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சில நிமிட வேலை. ஆனால் அன்று நாங்கள் பயன்படுத்திய செயலியில் ஒருவர் பகிரத் தொடங்கியதும் மற்றவரின் திரை தானாக நின்றுவிடும். நான் என் பக்கத்தைக் காட்டினேன். கிளைக் கணக்கர், "என்கிட்ட சரியாத்தான் இருக்கு மேடம், காட்டுறேன்" என்றார். அவர் பக்கம் வந்தது, என் பக்கம் போனது. தணிக்கையாளர், "இருங்க, முதல்ல பார்த்தது என்ன?" என்றார். மறுபடி என் பக்கம், மறுபடி அவர் பக்கம். கடைசியில் ஒரு வவுச்சர் என் ஏட்டில் 7,410 என்றும் அவர் ஏட்டில் 4,710 என்றும் ஏறியிருப்பது தெரிந்தது. அதற்குள் கூட்டத்துக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துபோய், மீதிக் கிளைகள் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயின.

நேரம் போனதுகூடப் பரவாயில்லை. ஒரு திரை மறைந்து மறு திரை வரும் அந்த இடைவெளியில் பார்ப்பவர் எண்ணை மனதில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. 7,410ஐ மனதில் சுமந்துபோகும்போதுதான் அது 4,710 ஆகிறது. எந்தப் பிழையைத் தேடி உட்கார்ந்தோமோ, அதே பிழையை உண்டாக்கும் ஏற்பாடு இது. சரிபார்க்கும் வேலைக்கு இதைவிடப் பொருந்தாத முறை வேறு இல்லை என்பேன்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. ஒரே ஒரு திரை ஓடும்போது, காட்டுகிறவர் பக்கம்தான் நியாயம் என்ற தோற்றம் தானாக வந்துவிடுகிறது. தலைமை அலுவலகப் பக்கம் பெரிதாகத் திரையில் நிற்கும். கிளைக் கணக்கர் வாயால் மறுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன பெண்ணோ பையனோ என்றால், "சரிங்க, நான் மறுபடி பார்க்கிறேன்" என்று அடங்கிவிடுவார்கள். இரண்டு ஏடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வவுச்சர் எண்ணும் தேதியும் தொகையும் பேசும், பதவி பேசாது. சொல்லப்போனால், நான் மேலே சொன்ன 2,700இல் கிளையின் பதிவுதான் சரி.

உடனே ஒரு கேள்வி வரும். எல்லாவற்றையும் ஒரே பகிர்வு விரிதாளில் போட்டுவிட்டால் என்ன? செய்ய முடிந்த இடத்தில் செய்யட்டும். ஆனால் இரண்டு அலுவலகமும் இரண்டு வேறு மென்பொருள் வைத்திருக்கும். ஒருவர் ஏட்டைத் திறக்க மற்றவருக்கு அனுமதி இருக்காது, இருக்கவும் கூடாது. அப்புறம், தணிக்கையாளர் பார்க்க வேண்டியது மூலப் பதிவை, அதிலிருந்து எடுத்து ஒட்டிய நகலை அல்ல. நகலெடுக்கும்போது பிழை திருத்தப்பட்டுவிடலாம், புதுப் பிழையும் புகலாம்.

தொழில்நுட்பம் தயாராக இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜூமில் கூட்டத்தை நடத்துபவருக்கான பகிர்வு அமைப்பில், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமா அல்லது பலருமா என்று தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. இரட்டை மானிட்டர் அமைப்பை இயக்கி வைத்தவர்கள் இரண்டு பகிர்வுகளை ஒன்றாகவே பார்க்கலாம். ஒரே மானிட்டர் உள்ளவர்கள் யாருடைய திரை வேண்டும் என்று மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். இலவசத் திறந்த மென்பொருளான ஜிட்சி மீட்டிலும் பலர் ஒரே சமயத்தில் பகிர முடிகிறது. இப்படிப்பட்ட செயலிகள் பலவற்றில், நடுவிலுள்ள சர்வர் எல்லாப் படங்களையும் சேர்த்து ஒன்றாக்குவதில்லை. ஒவ்வொருவரிடமிருந்தும் வரும் படத்தைத் தனித்தனியே மற்றவர்களுக்குக் கைமாற்றி விடுகிறது. அதனால் இரண்டாவது திரை என்பது இன்னொரு காணொலி ஓட்டம், அவ்வளவுதான். அசையாமல் நிற்கும் எண்களின் பக்கம் இணையத்தை அதிகம் இழுப்பதும் இல்லை. வேகம் குறைந்தால் முகங்களை நிறுத்திவிட்டு ஏடுகளை வைத்துக்கொள்ளலாம்.

இது நேற்று பிறந்த ஆசையும் அல்ல. 1968 டிசம்பர் 9 அன்று அமெரிக்கக் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கெல்பார்ட் சான் பிரான்சிஸ்கோ மேடையில் இருந்தபடி, மென்லோ பார்க் என்ற வேறோர் ஊரில் இருந்த தன் சக ஆய்வாளரோடு ஒரே ஆவணத்தைத் திரையில் வைத்துக்கொண்டு வேலை செய்து காட்டினார். 1980களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையம் 'கோலாப்' என்ற கூட்ட அறையை அமைத்தது. ஆளுக்கொரு கணினி, நான் பார்ப்பதையே நீயும் பார்ப்பாய் என்பது விதி. பயன்படுத்திப் பார்த்த அந்த ஆய்வாளர்களே, எல்லோரும் எப்போதும் ஒரே காட்சியைத்தான் பார்க்க வேண்டும் என்ற விதி மிகவும் இறுக்கமானது, அதைத் தளர்த்த வேண்டும் என்று 1987இல் எழுதினார்கள். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் பல செயலிகள் அந்த இறுக்கமான விதியிலேயே நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பூட்டி வைப்பவர்களின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 2020இல் முன்பின் தெரியாதவர்கள் கூட்டங்களுக்குள் நுழைந்து கண்டதையும் திரையில் காட்டினார்கள். அதற்குப் பிறகு பகிர்வு பல இடங்களில் நடத்துபவருக்கு மட்டும் என்று ஆனது. திறந்த கூட்டத்துக்கு அது சரி. பெயர் தெரிந்த நாலு பேர் கணக்குப் பார்க்கும் கூட்டத்துக்கும் அதே பூட்டு எதற்கு? செயலியில் உள்ள காத்திருப்பு அறையில் ஆளைப் பார்த்து உள்ளே விட்டால் போதுமே.

பலர் பகிர்வதில் நாமும் கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. இரண்டு திரையை ஒரே மானிட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் பாதி அகலமாகும், எழுத்து பொடியாகும். அதனால் முழுத் திரையையும் பகிராமல் அந்த ஒரு ஜன்னலை மட்டும் பகிர்ந்து, தேதி, வவுச்சர் எண், தொகை ஆகிய மூன்று பத்திகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைப்பது நல்லது. தேவையில்லாத பெயரும் தொகையும், திடீரென்று எட்டிப்பார்க்கும் செய்தி அறிவிப்பும் அடுத்தவர் கண்ணில் படாமல் இருக்கும். இன்னொரு விஷயம், கழித்தல் தொகைகளைச் சிவப்பில் காட்டும் வழக்கம். காணொலியாக அனுப்பும்போது பெரும்பாலும் வெளிச்சத்தின் விவரம் முழுதாகப் போகும். நிறத்தின் விவரம் நான்கு புள்ளிக்கு ஒன்றாகச் சுருங்கிவிடும். சிவப்பு எண்ணின் ஓரங்கள் கசிந்து 3ம் 8ம் ஒன்றுபோல் தெரிவது இதனால்தான். கூட்டத்துக்கு மட்டுமாவது அவற்றைக் கறுப்புக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கிவிட்டால் கண்ணுக்குப் பெரிய நிம்மதி.

எங்கள் வேலையில் பார்வையற்ற சக ஊழியர் ஒருவரும் இருக்கிறார். கணினியில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளை வைத்துத்தான் வேலை செய்கிறார். கணக்கில் எங்களில் யாருக்கும் இளைத்தவர் இல்லை. ஆனால் பகிரப்படும் திரை வெறும் படமாகத்தான் போய்ச் சேரும். அதிலுள்ள எழுத்தை அந்த மென்பொருளால் நேரடியாக எழுத்தாக எடுத்துப் படிக்க முடியாது. ஒரு திரை பகிர்ந்தாலும் பத்துத் திரை பகிர்ந்தாலும் அவருக்கு ஒன்றுதான். ஒத்துப்பார்க்க வேண்டிய பகுதியைக் கூட்டத்துக்கு முன்பே அவருக்குக் கோப்பாக அனுப்ப வேண்டும். பேசும்போது "இந்த வரி, அந்த வரி" என்னாமல் வவுச்சர் எண்ணைச் சொல்ல வேண்டும். நாங்கள் இப்படிச் செய்யத் தொடங்கியபின், கைபேசியில் சின்னத் திரையோடு சேருகிறவர்களுக்கும் எளிதாகிவிட்டது.

செயலி தயாரிக்கும் நிறுவனங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒரே மானிட்டர் வைத்திருப்பவரும் இரண்டு பகிர்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் தனியே பெரிதாக்கிப் பார்க்க முடிய வேண்டும். எந்தத் திரை யாருடையது என்ற பெயர் மறையாமல் மேலேயே நிற்க வேண்டும். ரெக்கார்டிங்கில் இரண்டும் சேர்ந்து பதிவாக வேண்டும். தணிக்கைக்கு அது சான்று.

உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், எந்தெந்தச் செயலியில் பலர் ஒரே நேரத்தில் பகிரலாம், அதை எங்கே இயக்குவது, கைபேசியில் எப்படித் தெரியும் என்று படங்களோடு ஒரு குறிப்பு வெளியிட வேண்டுகிறேன். காலாண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்துக்கு முன்பே வந்தால் எங்களைப் போன்ற பலருக்குக் கைகொடுக்கும்.

இப்படிக்கு,
கிளைக் கணக்குகளை ஒத்துப்பார்க்கும் ஒரு கணக்காளர்