போனது எவ்வளவு, நின்றது எவ்வளவு?

வளரும் நாடுகளின் வர்த்தக அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர்களே,

வணக்கம். உங்களில் ஒருவரையும் எனக்கு நேரில் பழக்கமில்லை. ஆனால் நிதியாண்டு முடிந்ததும் நீங்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல வெளியிடும் அறிக்கை எனக்கு மனப்பாடம். ஏற்றுமதி வரலாறு காணாத உச்சம். பக்கத்தில் ஒரு கன்டெய்னர் கப்பலின் படம். அந்த எண்ணுக்கு அடியில் கிடக்கும் தாள்களில் சிலவற்றை எழுதுவதுதான் என் பிழைப்பு: இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கு எந்த நாட்டில் செய்தது என்று சொல்லும் பிறப்பிடச் சான்றிதழ். அந்த எண்ணோடு எனக்குப் பல வருடப் பிணக்கு உண்டு.

ஒரு ஜாக்கெட்டைப் பாருங்கள். பேச்சுக்கு 20 டாலர் என்று வைப்போம். துணி வேறொரு நாட்டு ஆலையில் நெய்தது. ஜிப்பை எந்தக் கம்பெனியில், என்ன விலைக்கு வாங்க வேண்டும் என்பதை ஆர்டர் தரும் வெளிநாட்டு பையரே முடிவு செய்து அனுப்பிவிடுவார். பட்டன், லேபிள், காலரில் தொங்கும் அட்டை, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் வரை அவர் கைகாட்டிய இடத்தில்தான். வெட்டுவது, தைப்பது, பிசிறு நறுக்குவது, இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்குவது நம் பங்கு. வெளியிலிருந்து வந்ததற்கு 13 டாலர் போய்விட்டதென்றால் கூலி, மின்சாரம், வாடகை, வட்டி, முதலாளியின் லாபம் எல்லாம் மிச்சமிருக்கும் 7 டாலருக்குள் அடங்க வேண்டும். ஆனால் இன்வாய்ஸில் நான் அடிப்பது 20. சுங்கத்துறை பதிவதும் 20. உங்கள் உச்சத்தில் போய்ச் சேர்வதும் அதே 20. துணி நெய்த நாடு தன் பங்கை ஏற்கெனவே ஏற்றுமதியில் எண்ணியாயிற்று. அவர்களுக்கு நூல் விற்ற நாடும் எண்ணியாயிற்று.

ஜாக்கெட் கணக்கு நான் போட்ட பேச்சுக் கணக்கு. நிஜக் கணக்கும் உண்டு. ஆசிய வளர்ச்சி வங்கி நிறுவனம் 2010 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் அன்றைய ஐபோனைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். தயாரிப்புச் செலவு 178.96 டாலர். சீனாவில் அதைப் பூட்டிச் சேர்த்தவர்களுக்குக் கிடைத்தது 6.50 டாலர். நூற்றுக்கு நாலு கூட இல்லை. மீதி ஜப்பான், ஜெர்மனி, தென் கொரியா, அமெரிக்கா என்று பிரிந்துபோனது. வர்த்தகப் புள்ளிவிவரத்தில் மட்டும் முழுத் தொகையும் சீனாவின் ஏற்றுமதி. சீனா அந்த 6.50 டாலரிலேயே உட்கார்ந்துவிடவில்லை, உதிரிபாகங்களுக்குள்ளும் நுழைந்தது. உச்சத்தைக் கொண்டாடுவதோடு நின்ற நாடுகள் இன்னும் பூட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆளுக்கொரு துண்டு வேலையாகப் பல நாடுகள் சேர்ந்து ஒரே பொருளை முடிக்கும் இந்தச் சங்கிலிக்கு நான் எதிரி இல்லை. என் சோறே அதில்தான். உலக வங்கியின் 2020ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கை முழுக்க முழுக்க உலக மதிப்புச் சங்கிலி என்ற பெயரில் இதைப் பற்றியது. உலக வர்த்தகத்தில் ஏறக்குறைய பாதி இதன் வழியாகத்தான் ஓடுகிறது என்கிறது அது. ஒரு நாட்டின் பங்கேற்பு 1 சதவீதம் கூடினால் தலா வருமானம் 1 சதவீதத்துக்கும் மேலே கூடுகிறது, வழக்கமான வர்த்தகத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்றும் மதிப்பிட்டிருக்கிறது. வங்கதேசத்தின் தையல் கூடங்களும் வியட்நாமின் போன் ஆலைகளும் லட்சக்கணக்கான வீடுகளுக்குச் சம்பளம் கொண்டு வந்தன. ஒரு முழு காரைச் செய்யத் தெரியாத நாடு அதற்கான வயர் கட்டுகளைச் செய்து உலகச் சந்தைக்குள் நுழைய முடிகிறது. முன்பு அந்தக் கதவே கிடையாது.

அதே அறிக்கை, 2008 நெருக்கடிக்குப் பிறகு இந்தச் சங்கிலிகளின் வளர்ச்சி தேங்கிவிட்டது என்றும் சொல்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் மேடையில் படிப்பதில்லை.

ஏற்றுமதித் தொகையில் நாட்டுக்குள்ளே நின்ற மதிப்பைக் கணக்கிட வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பெரும்பாலும் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியும் உலக வர்த்தக அமைப்பும் சேர்ந்து 2013 ஜனவரியில் அதற்கென்றே ஒரு தரவுத்தளம் தொடங்கின. ஆனால் அந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். கச்சா எண்ணெயையும் தாதுவையும் அப்படியே கப்பலேற்றும் நாட்டில் உள்நாட்டு மதிப்பின் பங்கு ஏறத்தாழ முழுதாகத் தெரியும். அதனால் அந்த நாடு சங்கிலியின் உச்சியில் இருக்கிறது என்றாகுமா? அடியில்தான் இருக்கிறது. இன்னொரு சிக்கல்: உள்நாட்டில் சேர்ந்த மதிப்பு என்று எழுதுவதில் வெளிநாட்டு முதலாளியின் லாபமும் அடக்கம். வருடக் கடைசியில் அது லாப ஈவாகவும் ராயல்டியாகவும் கிளம்பிவிடும். ஆகவே போனது எவ்வளவு, நின்றது எவ்வளவு, நின்றதிலும் யார் கையில் எவ்வளவு என்று மூன்று கேள்விகள் வேண்டும். வியட்நாமின் ஏற்றுமதியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அன்னிய முதலீட்டு நிறுவனங்களுடையது. மூன்றாவது கேள்விக்கு அங்கே கனம் அதிகம்.

கோஸ்டாரிகாவின் கதையை உங்கள் அதிகாரிகள் ஒருமுறை படிக்கட்டும். 1996ல் சிப் செய்யும் இன்டெல் நிறுவனம் அங்கே ஆலை அமைப்பதாக அறிவித்தது. குட்டி நாடு, ஏற்றுமதிக் கோடு விர்ரென்று ஏறியது. 2014 ஏப்ரலில் சிப் பூட்டும், சோதிக்கும் பிரிவை மூடி ஆசியாவுக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். சுமார் 1,500 பேருக்கு வேலை போயிற்று. 2020ல் திரும்பி வருவதாக அறிவிப்பு. 2025 ஜூலையில் அந்த வேலையை வியட்நாம், மலேசியாவோடு இணைப்பதாக மறுபடியும் அறிவிப்பு. வந்ததற்கும் போனதற்கும் காரணம் அந்த நாட்டின் கையில் இல்லை. ஆனாலும் நாடு கவிழ்ந்துவிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். பொறியியல் வடிவமைப்புப் பிரிவு 2014லும் அங்கேயே தங்கியது. மருத்துவக் கருவித் தொழில் வளர்ந்து ஏற்றுமதியில் முதலிடம் பிடித்தது. ஆலை போனாலும் ஆட்களின் கைப்பழக்கம் போகவில்லை.

மலேசியாவின் பினாங்கு அதே பாடத்தை முன்கூட்டியே படித்த இடம். 1972ல் தடையில்லா வர்த்தக மண்டலம் திறந்தார்கள். 1989ல் அரசும் நிறுவனங்களும் சேர்ந்து ஒரு திறன் பயிற்சி மையம் அமைத்தன. என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில் ஆலைகளுக்கும் பங்கு இருந்தது. பன்னாட்டு ஆலைகளில் வேலை பார்த்தவர்களில் பலர் வெளியே வந்து அச்சு வார்ப்பு, சோதனைக் கருவி என்று சொந்தத் தொழில் தொடங்கினார்கள். வரிச்சலுகை யாரும் தரலாம். இதற்குப் பொறுமை வேண்டும்.

நீங்களோ ஒருவருக்கொருவர் போட்டி போட்டுக்கொண்டு சலுகையைக் கூட்டுகிறீர்கள். பத்து வருட வரி விடுப்பு, இலவச நிலம், மலிவுக் கூலி. எத்தியோப்பியாவில் ஆடைத் தொழிலாளியின் அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டாலர் என்று 2019ல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று எழுதியது. அவ்வளவு மலிவாக நின்றும் என்ன ஆயிற்று? உள்நாட்டுப் போரைக் காரணம் காட்டி 2022 ஜனவரி 1 முதல் எத்தியோப்பியச் சரக்குக்குத் தந்துவந்த இறக்குமதி வரிச்சலுகையை அமெரிக்கா நிறுத்தியது. வாங்குபவர்கள் மூட்டை கட்டினார்கள். மலிவுக்காக வந்தவர் மலிவு தீர்ந்ததும் போவார். இடைத்தரகர் வேலை பார்த்த எவருக்கும் தெரிந்த விஷயம் இது.

ஆபத்தும் கீழ்நோக்கியே உருள்கிறது. துணிக்குப் பணம் கட்டுவது தைப்பவர். பையர் பணம் தருவது சரக்கு போய்ச் சேர்ந்து மாதங்கள் கழித்து. 2020ல் கொரோனா காலத்தில் வங்கதேசத்தில் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்கள் ரத்தாகவோ நிறுத்தி வைக்கப்படவோ செய்தபோது, வெட்டிய துணியோடு நின்றவர்கள் ஆலைக்காரர்களும் தொழிலாளர்களும். 2013ல் அங்கே ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்ததும் இதே விலை நெருக்கடிக்கு அடியில்தான்.

விதிகள் கையைக் கட்டியிருக்கின்றன என்பீர்கள். உண்மைதான். உள்நாட்டு உதிரிபாகத்தை வாங்கியே ஆக வேண்டும் என்று தென் கொரியாவும் தைவானும் நிபந்தனை போட்டு வளர்ந்தன. 1995ல் உலக வர்த்தக அமைப்பு வந்தபோது அந்தக் கதவு சாத்தப்பட்டது. இந்தோனேசியா 2020ல் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 2022 நவம்பரில் வென்றது. இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமைப்போ 2019 டிசம்பரிலிருந்து செயல்படவில்லை. இதற்கிடையில் நிக்கல் உருக்கும் ஆலைகள் வந்துவிட்டன, பெரும்பாலும் சீன முதலீட்டில். என் மூன்றாவது கேள்வி அங்கேயும் காத்திருக்கிறது.

விதி தடுக்காதவை நிறைய இருக்கின்றன. பயிற்சி, சோதனைக் கூடம், சிறு சப்ளையருக்குக் கடன் என எதற்கும் தடையில்லை. உள்ளீடுகளுக்கு வரி போட்டால் உள்ளூர்த் தொழில் தானாக முளைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஜிப்புக்குப் போட்ட வரி ஜாக்கெட்டின் தலையில்தான் விடியும். சலுகை தருமுன் பக்கத்து நாட்டு அமைச்சரோடு ஒருமுறை பேசிக்கொள்ளுங்கள். கானாவும் ஐவரி கோஸ்ட்டும் 2019ல் சேர்ந்து கோகோவுக்கு டன்னுக்கு 400 டாலர் கூடுதலாகக் கேட்டன. வாங்குபவர்கள் வேறு தலைப்பில் விலையைக் குறைத்து அதில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் தனித்தனியாகப் போயிருந்தால் பேச்சே எழுந்திருக்காது.

முதல் வேலையாக, அந்த வருடாந்திர அறிக்கையில் ஏற்றுமதித் தொகைக்குக் கீழே நின்ற தொகையையும் அச்சிடுங்கள். புதிதாகக் கணக்கெடுக்கக் குழு போட வேண்டாம். வரியில்லாமல் உள்ளீடு இறக்கும் சலுகைக்காக, ஒரு ஜாக்கெட்டுக்கு எத்தனை மீட்டர் துணி, எத்தனை ஜிப், எந்த நாட்டுச் சரக்கு, என்ன விலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை ஒவ்வொரு ஆர்டருக்கும் நாங்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். சலுகை கொடுத்து முடித்ததும் அது கோப்பில் தூங்கப் போய்விடுகிறது. அதை எடுத்துக் கூட்டினால் போதும்.

இப்படிக்கு,
இன்வாய்ஸ் அடிப்பவர்களில் ஒருவன்