படத்தில் மூன்றாவதாக நிற்பவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமைப் பத்திரிகையில் ஐந்தாம் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில், இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கும் எங்கள் உணவு வங்கிக்கு வெளியே நிற்கும் வரிசை. கீழே ஒரு வரி: ‘இலவசம் என்றால் நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை.’ மூன்றாவதாக, பச்சை ஜாக்கெட்டோடு நிற்பவர் என் ஒன்றுவிட்ட அக்கா. முகம் நல்ல தெளிவு. படம் எடுத்தவருக்கு என் பாராட்டுகள்.

அக்கா இரவில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போகிறவர். இந்த வியாழக்கிழமை வரவில்லை. “ஊரே பார்த்திட்டுது, இனி என்னெண்டு வாறது” என்றார். பையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அரிசி, பருப்பு, இரண்டு ரின் மீன், வாடின கரட் கொஞ்சம். நீங்கள் கண்டுபிடித்த இலவசம் இதுதான். 2023 ஜூலையில் தடம் புரண்ட ஸ்காபரோ ரயிலை அப்படியே மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு இந்தப் பாரத்தைச் சனம் பஸ்ஸில்தான் தூக்கிக்கொண்டு போகிறது. அதையும் ஒருநாள் படம் எடுக்கலாம்.

நான் அங்கே ஒன்பது வருடமாகத் தொண்டர். ஆப்கானியர், பிலிப்பினோக்கள், கரீபியர், தமிழர் என்று எல்லோரும் ஒரே வரிசைதான். ஹலால் கோழி முடிந்துவிட்டது என்று ஒரு தாயிடம் சொல்லிப் பாருங்கள், அப்புறம் தலைப்பு எழுதுங்கள்.

1989-இல் நானும் அப்படி ஒரு வரிசையில் நின்றவன். பேஸ்மென்டில் ஏழு பேர். தந்த மக்கறோனிப் பெட்டியில் இருந்த மஞ்சள் சீஸ் தூளை அம்மா மணந்து பார்த்துவிட்டு எறிந்தார். வெங்காயமும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிரட்டித் தந்தார். நீங்களும் அந்தக் காலத்தில் வந்தவர்தானே, அந்தப் பெட்டியை மறந்திருக்க மாட்டீர்கள். டெய்லி பிரெட் உணவு வங்கி தொடங்கியது 1983-இல், இலங்கையில் கலவரம் எங்களை ஊரைவிட்டுக் கலைத்த அதே வருடம். கொஞ்சக் காலத்துக்கு என்றுதான் தொடங்கினார்கள். 2024 மார்ச்சில் முடிந்த வருடத்தில் ரொறன்ரோ உணவு வங்கிகளுக்குச் சனம் 3.49 மில்லியன் தடவை வந்திருக்கிறது என்று அவர்களுடைய அறிக்கையே சொல்கிறது. எல்லோருக்கும் பொழுது போகவில்லையாக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் தொண்டர்கள் தேவை என்று நான் அனுப்பிய நாலு வரி அறிவித்தலுக்கு ‘இடமில்லை’ என்றீர்கள். சரி. அதே இதழில் ஒரு ஹோட்டல் இராப்போசன விழாவுக்கு நாலு பக்கம் கிடைத்தது, எல்லாம் கலரில். அங்கேயும் சாப்பாட்டுக்கு வரிசையில்தான் நின்றார்கள், ஆனால் கோட் போட்டிருந்தார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி வரிசையில் நிற்பவர்களின் முகம் தெரியாமல் படம் போடுங்கள். உணவு வங்கி திறக்கும் நேரத்தைத் தமிழில் ஒரு சின்னப் பெட்டிக்குள் போடுங்கள். வியாழன், பின்னேரம் 4 முதல் 7 வரை. உங்கள் முன்பக்கத்து வீடு விற்பனை முகவரின் கழுத்துப்பட்டி அளவு இடம் போதும்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகன் ஒருவன்