ஊருக்குக் கிளம்பும் முன் குழாயை மூடிவிடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்கு மன்னார்குடிக்கே மாற்றல் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. குடமுருட்டியில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது. குறுவை நட்டாயிற்று, களை எடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

போகிறபோக்கில் நீ எழுதியிருந்த ஒரு வரி மனத்தை உறுத்துகிறது. பழைய வாஷிங் மெஷினை நெல் அறையை ஒட்டிய நடையில் மாற்றி வைத்திருப்பதாகவும், ஐப்பசி வரை எல்லோருமாகச் சென்னையில் மகள் வீட்டில் இருக்கப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். மெஷினுக்குத் தண்ணீர் வரும் குழாயை மூடிவிட்டுத்தானே கிளம்புவாய்?

போன மாசியில் பாபநாசத்தில் என் மைத்துனர் வீட்டில் நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. குடும்பத்தோடு திருச்சிக்கு ஒரு திருமணத்துக்குப் போய் மூன்றாம் நாள் திரும்பினார்கள். மெஷினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ், சுவர்ப் பக்கம் மடங்கியிருந்த இடத்தில் விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. கூடத்தில் கொட்டிய தண்ணீர் முற்றத்தில் இறங்கிச் சாக்கடைக்குப் போய்விட்டது. நெல் அறையில் புகுந்ததற்குத்தான் வெளியே போக வழியில்லை. நான் போனபோது அடி வரிசை மூட்டையில் கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. சணல் இழைகளின் இடுக்கில் வெள்ளை முளைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு போகத்து உழைப்பு அப்படிக் கிடந்ததைப் பார்க்க வயிறு எரிந்தது. பெட்டிக்குள் இருந்த நிலப் பத்திரங்களையும் தாள் தாளாகப் பிரித்துத்தான் உலர்த்த வேண்டியிருந்தது. பழைய முத்திரைத் தாள்களில் மை கலங்கிவிட்டது. மூட்டைக்காவது விலை உண்டு, அவற்றுக்கு என்ன செய்வது?

மெஷின் ஓடாதபோது ஹோஸுக்கு வேலை இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மெஷினுக்குள் இருக்கும் வால்வு மூடிக்கொண்டாலும், சுவர்க் குழாய் திறந்திருந்தால் மாடித் தொட்டியின் அழுத்தம் முழுவதையும் அந்த ரப்பர்தான் இரவும் பகலும் தாங்குகிறது. வெடித்த இடத்தில் நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள். 1000 லிட்டர் தொட்டி 100 நிமிடத்தில் காலி. அதோடு நின்றிருந்தால்கூட மைத்துனர் வீடு ஓரளவு தப்பியிருக்கும். அவர்கள் மோட்டாருக்குத் தானியங்கி சுவிட்ச் போட்டிருந்தார்கள். தொட்டி இறங்க இறங்க மோட்டார் தானாக ஓடி நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. உன் வீட்டிலும் அதே சுவிட்ச்தான். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

துவைத்து முடித்ததும் சுவர்க் குழாயை மூடுவதை வீட்டில் எல்லோரும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். குழாய் மெஷினுக்குப் பின்னால் கைக்கு எட்டாமல் இருந்தால் யாரும் மூடமாட்டார்கள். பிளம்பரை அழைத்துப் பக்கவாட்டில் கை எட்டும் உயரத்துக்கு மாற்றிவிடு. தங்கைக்கு முதுகுவலி என்றாயே, அவள் குனியாமல் திருப்பும்படி இருக்கட்டும்.

ஹோஸ் எப்படி இருந்தாலும் 5 ஆண்டுக்குள் மாற்றிவிடுவது நல்லது. உன்னுடையது அதைத் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். எஃகு இழை பின்னியது கிடைத்தால் வாங்கு, வெடிப்பதைத் தாங்கும். ஆனால் அதற்குள்ளும் ரப்பர்தான், அதற்கும் வயதாகும். மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளாதே, ஹோஸ் மடங்கும் இடம்தான் முதலில் விடும். இணைப்பில் கசிவைத் தடுப்பது உள்ளே இருக்கும் வாஷர். மரையில் டேப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்குவதால் பயனில்லை. வாஷர் தட்டையாகிப்போயிருந்தால் புதிது போடச் சொல். உங்கள் போர் தண்ணீர் உப்பு படியும் தண்ணீர் என்றால் ஒரு வசதி உண்டு: மரையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தால் அங்கே சொட்டுச் சொட்டாகக் கசிகிறது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். அழுக்குத் தண்ணீர் போகும் குழாய் எகிறி வெளியே விழாமல் கட்டிவைத்தால் போதும்.

நெல் மூட்டைகளை வெறும் தரையில் அடுக்காமல் பலகை போட்டு ஏற்றிவை. பத்திரங்களைப் பரணில் வைத்துவிடு. இன்னொன்று, கடவுள் புண்ணியத்தில் தேவைப்படாமல் போகட்டும்: வீட்டுக்குள் தண்ணீர் நிற்பதைக் கண்டால் மெயின் சுவிட்சை அணைக்காமல் யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது. மெயின் போர்டுக்குப் போகும் வழியிலேயே தண்ணீர் நின்றால் எலக்ட்ரீஷியன் வரும்வரை வாசலிலேயே நில்லுங்கள். மைத்துனர் மகன் பதறிப்போய் அப்படியே ஓடியிருக்கிறான். அன்றைக்கு மின்சாரம் இல்லாததால் பிழைத்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு பதறுகிறது.

மெஷின் குழாய், மோட்டார் சுவிட்ச் இரண்டையும் நிறுத்திவிட்டு எனக்கு ஒரு போன் செய். சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போ. ஆவணியில் ராஜகோபாலசுவாமி கோயிலுக்கு வருவதாக இருக்கிறேன், அப்போது வீட்டைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுகிறேன். பேத்தியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பாபநாசத்து நண்பன்