பழம் கனியட்டும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, பொடி எழுத்தெல்லாம் மறுபடி வாசிக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் இதை நீளமாக எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் புது வேலையில் சேர்ந்து தனியாக வீடு எடுத்துக்கொண்டான். சமையல் மேல் இப்போது அவனுக்கு ஆசை வந்திருக்கிறது. ராத்திரி போன் செய்து ஒவ்வொன்றாகக் கேட்டுச் செய்கிறான். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

அவகேடோ என்ற வெண்ணெய்ப்பழத்தை மசித்துச் செய்யும் மெக்சிகோ பண்டமான குவாக்கமோலியை டப்பாவில் வாங்கினாய், அது புளிப்பாக, களிம்பு போல இருந்தது என்று எழுதியிருந்தாய். அதை வைத்து அந்தப் பண்டத்தையே ஒதுக்கிவிடாதே. வீட்டில் செய்து, செய்த கையோடு சாப்பிட்டால் அதன் ருசியே வேறு. அடுப்பே வேண்டாம். வேண்டியதெல்லாம் நல்ல பழமும் கொஞ்சம் பொறுமையும்தான்.

பழத்திலிருந்து தொடங்குகிறேன், பாதி வேலை அங்கேதான். அவகேடோ மரத்தில் இருக்கும்வரை கனியாது; பறித்த பிறகுதான் கனியத் தொடங்கும். அதனால் கடையில் கல் மாதிரிக் கிடப்பதைப் பார்த்து ஒதுக்காதே. காயாகவே வாங்கி, வாழைப்பழத்தோடு ஒரு காகிதப் பையில் போட்டு வெளியே வை. வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு இதைச் சீக்கிரம் கனிய வைக்கும். காயாக இருக்கும்போது குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒழுங்காகக் கனியாது. கனிந்த பிறகு வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். கனிந்ததா என்று விரல் நுனியால் குத்திப் பார்க்காதே, அந்த இடம் கன்றிப்போகும். உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்து. லேசாக அமுங்கினால் போதும். நிறத்தையும் எல்லா வகையிலும் நம்ப முடியாது. ஹாஸ் வகை கனியும்போது கறுக்கும், வேறு பல வகைகள் கனிந்தும் பச்சையாகவே இருக்கும்.

இந்த ஹாஸ் மரத்தின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் விதை போட்டு வளர்த்த ஒரு கன்று அது. 1935-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். உலகத்தில் இருக்கும் ஹாஸ் மரங்கள் அத்தனையும் அந்த ஒரே மரத்திலிருந்து ஒட்டுக் கட்டிப் பெருகியவை. தாய்மரம் 2002 வரை உயிரோடு இருந்தது!

இனி செய்முறை. மூன்று பழத்துக்கு சின்னதாக ஒரு பெரிய வெங்காயம் எடுத்து அதில் பாதி, ஒன்றோ இரண்டோ பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி கொத்தமல்லித்தழை, அரைத் தேக்கரண்டி உப்பு. மெக்சிகோவில் எரிமலைப் பாறையில் செதுக்கிய மூன்று கால் கல்லுரலில் இடிப்பார்கள். மொல்காஹேத்தே என்று அதற்குப் பெயர். உன்னிடம் இருக்கும் எந்தக் கல்லுரலும் போதும். முதலில் வெங்காயம், மிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி, உப்பு இவற்றை மட்டும் போட்டு நன்றாக நசுக்கு. இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிவிடாதே. உப்பின் கரகரப்பில் வெங்காயமும் மிளகாயும் சாறு விட்டு விழுதாகிவிடும். பிறகு அந்தக் காரமும் மணமும் பழம் முழுக்கப் பரவும். வெறுமனே நறுக்கிக் கலந்தால் ஒரு வாய் உறைக்கும், ஒரு வாய் சப்பென்று இருக்கும்.

அப்புறம் பழத்தை நீளவாக்கில் கொட்டையைச் சுற்றிக் கீறி, இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகிப் பிரி. கொட்டையைக் கரண்டியால் நெம்பி எடு. கத்தியால் கொத்தி எடுக்கப் போய் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். சதையை உரலில் போட்டுக் கரடுமுரடாக மசி, அங்கங்கே கட்டி தட்டுப்பட வேண்டும். மிக்ஸி வேண்டவே வேண்டாம், கூழாகிவிடும். விதை நீக்கிப் பொடியாக நறுக்கிய தக்காளி, மீதிக் கொத்தமல்லி, கடைசியில் எலுமிச்சைச் சாறு. சாற்றை ஒரேயடியாக ஊற்றாமல் ருசி பார்த்துப் பார்த்து விடு. பூண்டு, சீரகம், புளித்த கிரீம் என்று சேர்ப்பவர்கள் உண்டு. பழத்தின் வெண்ணெய் ருசி அதில் அமுங்கிப்போகிறது என்பது என் எண்ணம்.

யோசித்துப் பார், அவகேடோ, மிளகாய், தக்காளி மூன்றும் மெக்சிகோவில் ஸ்பானியர் வருவதற்கு முன்பே இருந்தவை. வெங்காயமும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் அவர்களோடு கப்பல் ஏறி வந்தவை. இன்றைக்கு இதில் ஒன்றை எடுத்துவிட்டால் நமக்கு ஏதோ குறைகிறது.

கறுத்துப்போகிறதே என்று கேட்டிருந்தாய். மசித்ததும் பழத்தில் இருக்கும் ஒரு நொதி காற்றோடு சேர்ந்து நிறத்தை மாற்றுகிறது. எலுமிச்சையின் புளிப்பு அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கொட்டையை நடுவில் வைத்தால் கறுக்காது என்று பலர் சொல்வார்கள். கொட்டைக்கு அடியில் இருக்கும் இடம் மட்டும்தான் தப்பும். மிச்சம் இருந்தால் பிளாஸ்டிக் தாளை அதன் மேலேயே படியும்படி அழுத்தி மூடிக் குளிரில் வை. மேலே லேசாகக் கறுத்தாலும் வழித்து எடுத்துவிட்டுச் சாப்பிடலாம்.

கண்ணுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. பாரமாக எதையும் தூக்காதே. உரல் வேலையை வீட்டில் வேறு யாரையாவது செய்யச் சொல். டாக்டர் பயணம் போகலாம் என்றதும் இங்கே வருவதாக எழுதியிருக்கிறாயே, தேதியை ஒரு வாரம் முன்னாடியே சொல்லிவிடு. நான் காயாக வாங்கி வைத்துக் கனிய விட வேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் தோழி