வாயில் என்ன தம்பி?

ரங்கூன்

அன்பு மகன் குமாருக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அக்கா வீட்டுச் சின்னவளுக்குக் காது குத்தியாயிற்று. பீலிக்கான் கோவில் தீமிதிக்கு வருவாய் என்று பார்த்தேன். பினாங்கில் லீவு கிடைக்காது, தெரியும். போன் போடவுமா விடமாட்டார்கள்?

போன மாதம் வீடியோவில் பேசும்போது உன் தாடை அசைந்துகொண்டே இருந்தது. வெற்றிலை போட்டிருக்கிறாயா என்றேன். "இல்லையேம்மா" என்றாய். அதற்கு மேல் கேட்டால் கோபித்துக்கொள்வாய் என்று விட்டுவிட்டேன். நாக்கு நுனி உதட்டுக்கு வெளியே வந்து வந்து போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மனச்சிதைவு நோய்க்கு நீ சாப்பிடுகிற மாதிரி மாத்திரையால் நாளடைவில் சிலருக்கு வாயும் நாக்கும் தானாக அசையும். அதற்காக மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. திடீரென்று விட்டால் இந்த அசைவு கூடலாம், காதில் கேட்ட பழைய பேச்சும் திரும்பலாம்.

இந்த அசைவைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை சொல்கிறேன். 1976-இல் அமெரிக்காவில் வகுத்தது, பத்து நிமிஷ வேலை. கைப்பிடி இல்லாத கெட்டி நாற்காலியில் உட்கார். வாயில் பாக்கு, மிட்டாய் எதுவும் கூடாது. செருப்பைக் கழற்றிக் காலைச் சற்று அகட்டி ஊன்று, கை முழங்கால் மேல். வாயை இரண்டு தரம் திற, நாக்கை இரண்டு தரம் நீட்டு. பிறகு கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வேகமாகத் தட்டு. வலது கையில் 10–15 விநாடி, அப்புறம் இடது. இதுதான் முக்கியம். கவனம் விரலுக்குப் போனதும் வாய் தன் இஷ்டத்துக்கு ஆடும். கடைசியாக எழுந்து கையை நீட்டி நில், நாலு எட்டு நடந்து திரும்பு. அறையில் கூட இருக்கும் பையனை எல்லாவற்றையும் போனில் பிடிக்கச் சொல். இந்த அசைவு வந்த பலருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது. தூக்கத்தில் அடங்கும், பதற்றத்தில் கூடும்.

அந்த வீடியோவை டாக்டரிடம் காட்டு. அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா, அவர் சொல்லட்டும். கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் 2 மில்லிகிராமைக் கடையில் கேட்டு வாங்காதே, இந்த வாயசைவை அது இன்னும் மோசமாக்கலாம். இந்த அசைவுக்கே வால்பெனசின் என்று ஒரு மருந்தை 2017-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். பினாங்கில் கிடைக்குமா என்று அவரையே கேள்.

எல்லாம் மருந்தால் வந்தது என்றும் நினைக்காதே. இந்த நோய் வந்து மாத்திரையே தொடாதவர்களிடமும் அசைவுக் கோளாறு உண்டு. சிலையாக உறைந்துபோகும் நோயாளிகளைப் பற்றிக் கால்பௌம் என்ற ஜெர்மன் வைத்தியர் 1874-இலேயே எழுதினார். இந்த நோய்க்கான முதல் மாத்திரை குளோர்ப்ரோமசின் வந்ததோ 1952-இல்தான். இந்த நோயில் மூளையையும் பார்த்திருக்கிறார்கள். மூளையின் வெண்பொருள் முழுக்க நரம்பிழைகள், அவற்றின் மேல் மயலின் என்ற கொழுப்புறை. உறை சரியாக இருந்தால்தான் செய்தி நேரத்துக்குப் போகும். 2018-இல் 29 ஆய்வுகளைச் சேர்த்து, மனச்சிதைவு உள்ள 1,963 பேரை நோயில்லாத 2,359 பேரோடு ஒப்பிட்டார்கள். வெண்பொருளில் பார்த்த 25 இடங்களில் 20-இல் இழைகளின் ஒழுங்கு குறைவாகத் தெரிந்தது, இரண்டு பக்க மூளையை இணைக்கும் பாலத்திலும்தான். அது கூட்டத்தின் சராசரி. ஒருவருடைய படத்தை வைத்து மட்டும் இந்த நோயைச் சொல்ல முடியாது, அதனால் ஸ்கேனுக்குக் காசைக் கரைக்காதே. நீ சம்பாதித்த காசு. மலாய் பேசிக் கணக்கு எழுதும் பிள்ளை என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நோய் வெளியே தெரியுமுன்பே சில பிள்ளைகளுக்குக் கைகால் ஒத்துழைக்காதாம். பத்தாம் வகுப்பில், முதல் மாத்திரைக்கு இரண்டு வருஷம் முன்னால், மொயிங்கா நூடுல்ஸ் கிண்ணத்தைப் போட்டு உடைத்தாய். சட்டைப் பொத்தான் போடக் கால் மணி நேரம் ஆகும் உனக்கு. சோம்பேறி என்று அகப்பைக் காம்பால் அடித்தேன். ஆஸ்பத்திரி வார்டில் ஊரார் பிள்ளைகளின் நடையைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெழுதியவள் நான். தடுக்க வந்த அப்பாவையும் ஏசினேன். உன் கையை ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்தேனா?

மாத்திரையை நிறுத்தாதே. ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் அதையும் சொல்லிவிடு, திட்டமாட்டேன். வீடியோவை எனக்கும் அனுப்பு. இங்கே ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் கரண்ட் வருகிறது, முழித்திருப்பேன்.

அம்மா